வாசித்துக் காட்டுங்கள், பிறகு அனுப்புங்கள்

சிறுகதை எழுதினால் அனுப்பப் பத்திரிகை இருக்கிறது. நாவல் எழுதினால் பதிப்பகம் இருக்கிறது. புதிதாக ஒரு தமிழ் நகைச்சுவை நாடகம் எழுதி முடித்தவருக்கு அப்படி ஒரு முகவரி இல்லை. அமெரிக்காவில் சமூக நாடகக் குழுக்களின் சங்கமே புது நாடகங்களை வரவழைத்து, உறுப்பினர்களைப் படிக்க வைத்து, தேறியவற்றை அந்தக் குழுக்களின் மேடையிலேயே அரங்கேற்றுகிறது. நம்மிடம் அந்த ஏற்பாடு கிடையாது. சென்னையானாலும் பெங்களூரானாலும் நாடகம் ஆளிடமிருந்து ஆளுக்குத்தான் போகிறது. நடிப்பவர் ஒருவர் கேட்கிறார், சிரிக்கிறார், தன் குழுவிடம் போய்ச் சொல்கிறார். அங்கிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது.

அதனால், எழுதி முடித்த கையோடு யாருக்கும் அனுப்பாதீர்கள். அமெச்சூர் குழு நடத்துபவர் பகலெல்லாம் அலுவலகம், மாலையில் ஒத்திகை என்று ஓடுகிறவர். வாட்ஸ்அப்பில் வந்து விழும் 70 பக்க பிடிஎஃபை அவர் திறப்பதே அபூர்வம். திறந்தாலும் செல்பேசியில், தனியாக, வாய்க்குள்ளேயே படிப்பார். நகைச்சுவைக்கு இதைவிடப் பாதகமான சூழ்நிலை இருக்க முடியாது. சோகக் காட்சி தாளில் படித்தாலும் கொஞ்சம் நெஞ்சை அடைக்கும். நகைச்சுவைக் காட்சி அப்படியல்ல. வாய்விட்டுப் பேசி, நாலு பேர் சேர்ந்து கேட்டால்தான் அதில் சிரிப்பு இருக்கிறதா என்பதே தெரியும். தனியாகப் படிக்கிறவர் சிரிக்காமல் போவதற்கு அவரையும் குறை சொல்ல முடியாது, நாடகத்தையும் குறை சொல்ல முடியாது.

முதலில் வீட்டுக் கூடத்தில்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை 4 மணி. பெங்களூர் தொம்மலூர் லேஅவுட்டில் உங்கள் வீட்டுக் கூடமே போதும். பத்துப் பன்னிரண்டு பேரைக் கூப்பிடுங்கள். நண்பர்கள் மட்டும் வேண்டாம். எதிர் வீட்டுப் பெரியவர் ஒருவர், கல்லூரியில் படிக்கும் பெண்ணோ பையனோ ஒருவர், தமிழ் புரியும், ஆனால் தாய்மொழி தமிழல்லாத ஒருவர், ஏற்கெனவே மேடை ஏறிய ஒருவர். இப்படிக் கலந்திருந்தால்தான் எந்தச் சிரிப்பு எல்லோருக்கும் பொது, எது உங்கள் கூட்டாளிகளுக்கு மட்டும் புரிவது என்பது பிரியும். பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியர் தம் நகைச்சுவைகளை வீட்டுப் பணிப்பெண்ணுக்கு வாசித்துக் காட்டி, அவள் சிரிக்கிறாளா என்று பார்ப்பார் என்று அவருடைய காலத்தவரான பொய்லோ எழுதியிருக்கிறார். அந்த நோக்கம்தான் நமக்கும்.

பாத்திரங்களைப் பிரித்துக் கொடுங்கள். நீங்கள் எந்தப் பாத்திரத்தையும் வாசிக்காதீர்கள். எழுதியவர் வாசித்தால் எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை ஏற்ற வேண்டும் என்று தாளில் இல்லாததையெல்லாம் தன் வாயால் சேர்த்துவிடுவார். நாளைக்கு நடிக்கப் போகிறவருக்கு அந்த வாய் இருக்காது, தாள்தான் இருக்கும். மேடைக் குறிப்புகளை வாசிக்க ஒருவரை வையுங்கள். நீங்கள் ஓர் ஓரத்தில் பென்சிலோடு உட்காருங்கள்.

பெங்களூருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. இங்கே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளில் பலர் வீட்டில் சரளமாகத் தமிழ் பேசுவார்கள், பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் இந்தியும் படித்திருப்பார்கள், தமிழ் எழுத்து மட்டும் தெரியாது, அல்லது எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்கள். நல்ல நடிகர்கள் இவர்களிடையே நிறைய இருக்கிறார்கள். தாளை நீட்டியதும் கூசி ஒதுங்கிவிடுவார்கள், நாம் ஆர்வமில்லை என்று நினைத்துக்கொள்வோம். வாசிப்புக்கு இரண்டு நாள் முன்பே அவரவர் வசனத்தைச் செல்பேசியில் ஒலிப்பதிவு செய்து அனுப்புங்கள். தமிழ் வசனத்தைக் கன்னட எழுத்திலோ ஆங்கில எழுத்திலோ எழுதிய பிரதி ஒன்றும் வைத்திருங்கள். இது கூடுதல் வேலைதான். ஆனால் இதைச் செய்யாத எழுத்தாளர் இந்த ஊரில் தனக்குக் கிடைக்கக்கூடிய இளம் நடிகர்களில் பாதிப் பேரை இழக்கிறார்.

வாசிப்பின்போது மூன்று குறிகள் போதும். வாய்விட்டுச் சிரித்த இடம், புன்னகைத்த இடம், சிரிப்பார்கள் என்று நீங்கள் எதிர்பார்த்து அமைதியாகப் போன இடம். இதோடு, யாராவது செல்பேசியை எடுத்துப் பார்த்த இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். காபி, போண்டாவெல்லாம் முடிந்த பிறகு. நடுவில் கொடுத்தால் அடுத்த காட்சி போண்டாவோடு போய்விடும்.

முடிந்ததும் "எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள். "ரொம்ப நல்லா இருந்தது" என்ற பதிலுக்கு மேல் எதுவும் வராது. அதற்குப் பதில், வந்தவர்களில் அதிகம் பேசாத ஒருவரிடம் கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே முடிச்சு சரியாக விழவில்லை. நகைச்சுவை நாடகத்தில் கதை கனமாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் தெளிவாக இருந்தே ஆக வேண்டும். யாருக்கு என்ன தெரியும், யாருக்குத் தெரியாது என்பதில் பார்வையாளருக்குக் குழப்பம் வந்தால் ஆள்மாறாட்டமும் வேலை செய்யாது, பொய்க்கு மேல் பொய் சொல்லும் காட்சியும் வேலை செய்யாது.

சிரிப்பு விழும் இடம்

வாசிப்பில் அமைதியாகப் போன வசனங்களை எடுத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் நகைச்சுவையில் குறை இருக்காது, வரிசையில்தான் இருக்கும். ஓர் உதாரணம். அடுக்குமாடிக் குடியிருப்பு, தண்ணீர்த் தட்டுப்பாடு, சங்கச் செயலாளர் ஒரு வீட்டுக்கு வருகிறார். முதல் பிரதியில் வசனம் இப்படி இருக்கிறது:

செகரட்டரி: உங்க வீட்டுக்காரர்தான் நேத்து ராத்திரி பதினோரு மணிக்கு மெஷின் போட்டு மூணு பெட்ஷீட் துவைச்சார்னு எல்லாருக்கும் தெரியும் மேடம், ஆனா யார் பேரையும் சொல்லக் கூடாதுன்னு கமிட்டியில முடிவு பண்ணியிருக்கோம்.
கமலா: அவர் மைசூர் போய் மூணு நாளாச்சே!

எல்லாமே இதில் இருக்கிறது. ஆனால் முதல் சொல்லிலேயே குட்டு உடைந்துவிட்டது. இப்போது திருத்திய பிரதி:

செகரட்டரி: யார் பேரையும் சொல்லக் கூடாதுன்னு கமிட்டியில முடிவு பண்ணியிருக்கோம், மேடம்.
கமலா: நல்ல முடிவு சார்.
செகரட்டரி: டேங்கர் வராத நாள். ராத்திரி பதினோரு மணி. மெஷின் போட்டு மூணு பெட்ஷீட் துவைச்சது... (பால்கனிக் கொடியைப் பார்க்கிறார்) ...உங்க வீட்டுக்காரர்.
கமலா: யாரு?
செகரட்டரி: உங்க வீட்டுக்காரர்.
கமலா: அவர் மைசூர் போய் மூணு நாளாச்சே!

பெயர் சொல்லக் கூடாது என்ற முடிவு முதலில் தனியாக நிற்கிறது. கமலா அதை ஆமோதிக்கிறார். அதனால் கடைசியில் விழும் "உங்க வீட்டுக்காரர்" அந்த முடிவையும் சேர்த்து உடைக்கிறது. எழுவாயைக் கடைசிக்குத் தள்ளிவைக்கத் தமிழில் தாராளமாக இடமிருக்கிறது. அந்த வசதியை நாம் பேச்சில் எந்நேரமும் பயன்படுத்துகிறோம், எழுதும்போது மறந்துவிடுகிறோம்.

அடுத்தது, "யாரு?" என்ற அந்த ஒற்றைச் சொல். தாளில் படித்தால் வீண் வசனம் போலத் தெரியும். மேடையில் அது அவசியம். "உங்க வீட்டுக்காரர்" என்றதும் அரங்கம் சிரித்தால், அதற்கு அடுத்த வசனம் அந்தச் சிரிப்பில் முழுகிவிடும். மைசூர் என்பது கதைக்கு வேண்டிய செய்தி. புருஷன் ஊரில் இல்லை என்றால் துவைத்தது யார் என்பதில்தான் நாடகமே நிற்கிறது. அதைச் சிரிப்புக்கு நேர் பின்னால் வைத்தால் கடைசி வரிசைக்குப் போய்ச் சேராது, அவர்கள் அடுத்த அரை மணி நேரம் புரியாமல் உட்கார்ந்திருப்பார்கள். போனால் போகட்டும் என்று விடக்கூடிய ஒரு சொல்லை அங்கே வைத்து, சிரிப்பு அடங்கியதும் செய்தியைச் சொல்ல வேண்டும். இதைக் கவனித்து எழுதிய பிரதி என்றால், அனுபவமுள்ள நடிகர் இரண்டு பக்கத்திலேயே கண்டுகொள்வார். இவர் மேடை தெரிந்தவர் என்ற நம்பிக்கை அவருக்கு வந்துவிடும்.

குழு எதைப் பார்க்கிறது

கதை நன்றாக இருந்தும் குழு ஏன் வேண்டாம் என்கிறது? பெரும்பாலும் ஆள் கணக்கும் செட் கணக்கும்தான். சம்பளமில்லாமல், வேலை முடிந்து வந்து நடிக்கிற குழுவில் பன்னிரண்டு பேரை ஒரே மாலையில் ஒத்திகைக்குச் சேர்ப்பது பெரும்பாடு. இன்னர் ரிங் ரோட்டில் மாலை 7 மணிக்கு வண்டி ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆறிலிருந்து எட்டுப் பாத்திரங்கள், அதிலும் இரண்டு மூன்று ஒரே நடிகர் செய்யக்கூடியவை என்றால் குழுவின் கண் திறக்கும். எந்தெந்தப் பாத்திரங்கள் ஒரே காட்சியில் சேர்ந்து வராது, ஆகவே ஒருவரே செய்யலாம் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிக் கொடுங்கள்.

பெண் பாத்திரங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒத்திகைக்கு வரப் பெண்கள் கிடைக்க மாட்டார்கள் என்று நினைத்தே பல காலமாக நம் நகைச்சுவை நாடகங்களில் பெண்ணுக்கு ஒன்றரைப் பாத்திரம்தான். அதுவும் கோபப்படும் மனைவி, இல்லாவிட்டால் காதலிக்கப்படும் பெண். இன்று பெங்களூரில் நடிக்க முன்வரும் பெண்களுக்குக் குறைவே இல்லை. அவர்கள் சிரிக்க வைக்கக்கூடிய வசனம்தான் குறைவு. மேலே காட்டிய கமலா வெறுமனே கேள்வி கேட்டு நின்றால் போதாது. பெட்ஷீட் மர்மத்தைக் கையில் எடுத்து எல்லோரையும் ஆட்டி வைக்கிறவளாக அவளை ஆக்குங்கள். அப்படிப்பட்ட பாத்திரம் இருந்தால் ஒரு நல்ல நடிகையே உங்கள் நாடகத்தைத் தன் குழுவுக்கு எடுத்துப் போவார்.

செட் ஒன்றே ஒன்று. ஒரு கூடம், ஒரு சோபா, இரண்டு வாசல். இதற்குள் எவ்வளவு பெரிய கற்பனையும் அடங்கும் என்பதற்குச் சுஜாதாவின் 'கடவுள் வந்திருந்தார்' சாட்சி. ஓய்வு பெற்ற ஒரு மனிதர், அவரைத் தேடி எதிர்காலத்திலிருந்து வந்து சேரும் ஒருவன், அவன் மற்றவர் கண்ணுக்குத் தெரியாததால் வீட்டார் அவருக்குச் சித்தம் கலங்கிவிட்டதாக நினைப்பது. அறிவியல் புனைகதைதான், ஆனால் மேடையில் விண்கலம் எதுவும் வந்து இறங்கத் தேவையில்லை. சுஜாதா பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பல ஆண்டுகள் பொறியாளராக இருந்தவர். அவருடைய நாடகங்களைச் சென்னையில் மேடையேற்றியவர் பூர்ணம் விஸ்வநாதன். எழுதுகிறவர் ஓர் ஊரிலும் குழு வேறோர் ஊரிலும் இருந்து இத்தனை நாடகங்கள் நடந்திருக்கின்றன என்பது பெங்களூரில் உட்கார்ந்து தமிழில் எழுதுகிறவருக்குத் தெம்பு தரும் செய்தி.

நீளம் ஒன்றரை மணி நேரத்துக்குள் இருப்பது நல்லது. தாளை எண்ணிப் பார்க்காதீர்கள், கடிகாரத்தை வைத்து வாசியுங்கள். வாசிப்பில் 75 நிமிடம் வந்தால் சிரிப்பும் நடமாட்டமும் சேர்ந்து மேடையில் 90ஐத் தொடும். விளக்கை அணைத்து அணைத்துப் போடும் குட்டிக் காட்சிகளைக் கூடிய மட்டும் தவிருங்கள். ஒவ்வொரு இருட்டிலும் சூடு பிடித்த அரங்கம் கொஞ்சம் ஆறிப்போகிறது. அடுத்த காட்சியில் மறுபடி முதலிலிருந்து சிரிக்க வைக்க வேண்டியிருக்கும்.

யாரிடம் போவது

அரங்கம் வேறு, குழு வேறு. புதிதாக வருகிறவர்கள் இதில்தான் அதிகம் குழம்புகிறார்கள். ஜே.பி. நகர் ரங்க சங்கரா 2004இல் அருந்ததி நாகின் முயற்சியால் திறக்கப்பட்டது. நாடகத்துக்கென்றே கட்டப்பட்ட அருமையான இடம். நாடகம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடாத கண்டிப்பு அங்கே உண்டு. ஆனால் அது குழுக்களுக்குத் தேதி கொடுக்கும் அரங்கம். தனி எழுத்தாளரின் கைப்பிரதி அங்கே போய்ப் பயனில்லை. ஒயிட்ஃபீல்டில் 2011இலிருந்து இயங்கும் ஜாக்ருதி அரங்கமும் தூரத்தில் இருக்கிறது. தொம்மலூர் இரண்டாம் ஸ்டேஜிலேயே, நடந்து போகும் தூரத்தில், பெங்களூர் சர்வதேச மையம் இருக்கிறது. 2019இலிருந்து சொந்தக் கட்டடத்தில் நல்ல அரங்கத்தோடு நடக்கிறது. இந்திராநகர் சங்கீத சபாவின் புரந்தர பவனம் பக்கத்தில். அல்சூர் ஏரிக் கரையோரம் 1950இல் தொடங்கிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம். இவை எல்லாமே குழு கையில் இருக்கும்போது கேட்க வேண்டிய இடங்கள். குழு கிடைக்கும் வரை இங்கெல்லாம் நீங்கள் பார்வையாளராகப் போய் வாருங்கள். நாடகம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய், நடித்தவரிடம் எந்தக் காட்சி பிடித்தது என்று குறிப்பாகச் சொல்லுங்கள். அடுத்த வாசிப்புக்கு அவரைக் கூப்பிடுங்கள். அதற்கு மேல் அறிமுகக் கடிதம் எதுவும் வேண்டாம்.

1960இலிருந்து நடந்துவரும் பெங்களூர் லிட்டில் தியேட்டர் ஆங்கிலக் குழு. உங்கள் தமிழ்ப் பிரதியை அவர்களுக்கு அனுப்புவதில் அர்த்தமில்லை. ஆனால் தொண்டர்களை வைத்தே அறுபது ஆண்டுக்கு மேல் ஒரு குழு எப்படி உயிரோடு இருக்கிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். மேடை நிர்வாகத்திலும் ஒலி ஒளியிலும் உதவிய எழுத்தாளர் அடுத்த நாடகத்தை வேறு மாதிரி எழுதுவார்.

கிரேசி மோகன் வந்த வழியைப் பாருங்கள். கிண்டி பொறியியல் கல்லூரியில் மாணவராக இருந்தபோது கல்லூரிப் போட்டிக்கு ஒரு சின்ன நாடகம் எழுதினார். பிறகு எஸ்.வி. சேகரின் நாடகப்ரியா குழுவுக்கு 'கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' எழுதினார். 'கிரேசி' என்ற பட்டமே அந்த நாடகத்திலிருந்து ஒட்டிக்கொண்டதுதான். 1979இல்தான் கிரேசி கிரியேஷன்ஸ் என்ற சொந்தக் குழு. அதன் 'மேரேஜ் மேட் இன் சலூன்' 1983இல் பாலசந்தர் இயக்கத்தில் 'பொய்க்கால் குதிரை' படமானது. சின்னது, பிறர் குழு, சொந்தக் குழு என்ற இந்த வரிசை எழுத்தாளருக்கு இயல்பாக அமைந்த வரிசை. எடுத்த எடுப்பில் சொந்தக் குழு தொடங்குகிறவர்கள் மண்டப வாடகையிலும் ஆள் சேர்ப்பதிலும் மூழ்கி, திருத்தி எழுதும் நேரத்தை இழந்துவிடுகிறார்கள்.

தொம்மலூரில் அந்தச் 'சின்னது' எங்கே? உங்கள் குடியிருப்பின் பொங்கல் விழாவில். தை மாதத்தில் அரை மணி நேரம் கேட்டால் சங்கம் மகிழ்ச்சியோடு கொடுக்கும். முழு நாடகத்தைக் கொண்டுபோகாதீர்கள். தனியாக நிற்கக்கூடிய 20 நிமிடக் காட்சி ஒன்றை எடுத்து, முன்னும் பின்னும் தைத்துக் கொடுங்கள். பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபைக்காக எழுதிய 'சபாபதி' இப்படிப் பாகம் பாகமாக வளர்ந்த நகைச்சுவைதான். வெட்டவெளியில் ஒலிபெருக்கியோடு நடக்கும் விழாவில் மெல்லிய நகைச்சுவை எடுபடாது. பெட்ஷீட் காட்சி போல எல்லோருக்கும் தெரிந்த வழக்கு எடுபடும். இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கி நின்றாக வேண்டும் என்பது சட்டம். எனவே நிகழ்ச்சி நிரலில் கடைசி இடம் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சென்னைக்கு அனுப்புவதென்றால் காலம் பார்த்து அனுப்புங்கள். கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் கோடையில் நடத்தும் நாடக விழா புதிய நாடகங்களுக்கென்றே நடப்பது. அதில் இடம் பிடிக்க நினைக்கும் குழுக்களுக்குக் கதை அதற்குப் பல மாதம் முன்பே தேவைப்படும். மார்கழி முழுக்க சபாக்கள் கச்சேரியில் மூழ்கியிருக்கும். ஐப்பசியில் பிரதி கையில் இருந்தால் குழு நிதானமாகப் படிக்கும். அனுப்பும்போதும் முழுப் பிரதி வேண்டாம். ஒரு பக்கக் கதைச் சுருக்கம், ஆள் கணக்கு, செட், நேரம், நன்றாகச் சிரிப்பு விழுந்த ஒரு காட்சி, கூட்டத்தோடு நடந்த வாசிப்பின் ஐந்து நிமிட ஒலிப்பதிவு. அந்த ஒலிப்பதிவில் பத்துப் பேர் சிரிக்கும் சத்தம் உங்கள் சார்பில் பேசும்.

கன்னட நாட்டில் தமிழ்ச் சிரிப்பு

தொம்மலூரில் தமிழ் பழைய குடி. சொக்கப் பெருமாள் கோயிலில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருக்கும் குடும்பங்கள், எச்.ஏ.எல்., ராணுவ அலுவலகங்கள் என்று வந்து தங்கியவர்கள், ஐ.டி. வேலைக்கு வந்த இளைஞர்கள் என்று மூன்று விதமான தமிழ் இங்கே ஒரே தெருவில் கேட்கும். நகைச்சுவை எழுதுகிறவருக்கு இது பெரிய சொத்து. கோயம்புத்தூர்ப் பையனுக்கும் தொம்மலூர்ப் பாட்டிக்கும் தமிழிலேயே புரியாமல் போகும் இடங்கள் எத்தனையோ.

ஆனால் கன்னடம் பேசுகிறவரின் உச்சரிப்பை வைத்துச் சிரிப்பு மூட்டுவது வேண்டவே வேண்டாம். இதை நான் மனப்பூர்வமாகச் சொல்கிறேன். அல்சூரில் திருவள்ளுவர் சிலை மொழிப் பிணக்கால் 1991இலிருந்து 2009 வரை திறக்கப்படாமலே இருந்த ஊர் இது. சிலை திறந்த அதே ஆகஸ்டில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலையும் திறந்தது. அப்படி நிதானமாகக் கட்டிய உறவை ஒரு மலிவான வசனத்துக்காக உரசிப் பார்க்க நமக்கு உரிமையில்லை. இன்னொன்று, கலையாகவும் அது பலவீனம். சிரிப்பு நம் ஆள்மீது விழட்டும். இங்கே வந்து மூன்று வருடமாகியும் "கன்னடா கொத்தில்லா" (கன்னடம் தெரியாது) என்பதைத் தாண்டாத நம் பையன் சிரிப்புக்குரியவன். அவனுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லும் பக்கத்து வீட்டு அம்மாவுக்குச் சரியான, முழுமையான கன்னட வசனம் எழுதுங்கள். எழுதியதைக் கன்னடம் பேசுகிறவரிடம் கொடுத்துத் திருத்துங்கள். அந்தப் பாத்திரத்தில் கன்னடம் பேசும் நடிகையே நடித்தால் இன்னும் சிறப்பு. நவீனக் கன்னட நகைச்சுவை நாடகத்துக்கு வழி போட்ட டி.பி. கைலாசம் தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்து பெங்களூரில் வாழ்ந்தவர். வீட்டில் கேட்ட கலப்புப் பேச்சையே மேடைக்குக் கொண்டுவந்தார். அவருடைய ஊரில் எழுதுகிறோம்.

கையெழுத்து வாங்குவது

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, நாடகம் எழுத்தில் வந்த கணமே உரிமை உங்களுடையது. உங்கள் ஆயுள் முழுக்கவும் அதற்குப் பின் 60 ஆண்டும் அது நிற்கும். பதிவு கட்டாயமில்லை. செய்துகொள்ள விரும்பினால் கட்டணம் 500 ரூபாய். ஆனால் உரிமை எழுத்துக்குத்தான், யோசனைக்கு இல்லை. ஆர்.ஜி. ஆனந்த் என்பவர் எழுதி 1954இல் டெல்லியில் மேடையேறிய 'ஹம் ஹிந்துஸ்தானி' என்ற நாடகம் பஞ்சாபிக் குடும்பமும் மதராஸிக் குடும்பமும் பக்கத்தில் வாழ்வதைப் பற்றியது. 'நியூ டெல்லி' என்ற படம் தன் நாடகத்திலிருந்து எடுத்தது என்று அவர் வழக்குப் போட்டார். 1978இல் உச்ச நீதிமன்றம் யோசனைக்குப் பதிப்புரிமை கிடையாது, படம் எடுத்தாண்ட விதம் வேறு என்று அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. ஆகவே கதையை வாயால் சொல்லிக்கொண்டு திரியாதீர்கள். எழுதி, தேதியிட்டு, மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

அமெச்சூர் சங்கம் ஒன்று கட்டணம் வாங்காமல் நாடகம் போட்டால் அது உரிமை மீறலாகாது என்று அதே சட்டம் விலக்குத் தருகிறது. குடியிருப்பு விழாவில் உங்கள் நாடகத்தை யாராவது போட்டால் பணம் கேட்க முடியாது. உங்கள் பெயரைச் சொல்லும்படி கேட்கலாம், கேட்க வேண்டும். டிக்கெட் போட்டால் நிலைமை வேறு. அப்போது ஒரு கடிதம் வேண்டும். நட்பு கெட்டுவிடும் என்று தயங்காதீர்கள். நட்பு கெடுவது கடிதம் இல்லாதபோதுதான். இப்படி எழுதலாம்:

"நான் எழுதிய இந்த நாடகத்தைத் தங்கள் குழு பெங்களூர் நகர எல்லைக்குள், இன்று முதல் ஓராண்டுக் காலத்தில், பத்துக் காட்சிகள் வரை மேடையேற்ற அனுமதிக்கிறேன். டிக்கெட் விற்கும் காட்சி ஒவ்வொன்றுக்கும் பேசியபடி தொகை தர வேண்டும். விளம்பரத்திலும் அறிவிப்பிலும் ஆசிரியர் பெயர் இடம்பெற வேண்டும். வசனத்தை மாற்றுவதென்றால் என்னிடம் கேட்டு மாற்ற வேண்டும். திரைப்படம், இணையத் தொடர், ஒளிப்பதிவு உரிமைகள் இதில் அடங்கா."

காலமும் இடமும் கட்டாயம் எழுதுங்கள். காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் எழுதாவிட்டால் இந்தியா முழுதும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். கடைசி வரியை யார் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். 'மேரேஜ் மேட் இன் சலூன்' போல ஒரு நாள் உங்கள் நாடகத்தையும் யாராவது படமாக்கக் கேட்கலாம். தொகை எவ்வளவு என்பது குழுவின் நிலையைப் பொறுத்தது. முதல் இரண்டு காட்சிக்கு அடையாளத் தொகை வாங்கினால் போதும் என்பது என் கருத்து. ஒன்றுமே வாங்காமல் கொடுத்தால் பிரதிக்கு மதிப்பில்லாமல் போகிறது. டிக்கெட் ஒன்று 500 ரூபாய்க்கு மேல் போகாத வரை நாடகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்பதைக் குழுவுக்கும் நினைவுபடுத்துங்கள். சினிமாப் பாட்டை நம்பிக் காட்சி எழுதியிருந்தால் அதற்குத் தனியாக உரிமம் எடுக்க வேண்டியிருக்கும். பாட்டு இல்லாமல் அந்தக் காட்சி நிற்குமா என்று இப்போதே பாருங்கள்.

ஒத்திகை தொடங்கியதும்

முதல் நாள் வாசிப்புக்குப் போங்கள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். அதன் பிறகு நாடகம் முழுதாக ஓடும் நிலைக்கு வரும் வரை ஒதுங்கியிருங்கள். நடிகரிடம் நேரடியாக "இதை இப்படிச் சொல்லணும்" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். எதுவானாலும் இயக்குநரிடம், தனியாக. ஒத்திகையின் மூன்றாம் வாரத்தில் நடிகர்களுக்கே வசனம் சலித்துப்போகும். தினம் கேட்ட நகைச்சுவைக்கு யாரும் சிரிக்க மாட்டார்கள், வசனம் செத்துவிட்டது என்று முடிவு கட்டி ஏதாவது சேர்க்கப் பார்ப்பார்கள். அப்போது உங்கள் வீட்டு வாசிப்பில் போட்ட பென்சில் குறிகளைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். இந்த இடத்தில் கூடம் சிரித்தது என்று ஆதாரத்தோடு சொல்ல முடிகிற எழுத்தாளர் பேச்சுக்கு மரியாதை இருக்கும்.

முதல் காட்சி அன்று முன் வரிசையில் உட்காராதீர்கள். கடைசி வரிசையில் பிரதியும் பென்சிலுமாக உட்கார்ந்து, அதே மூன்று குறிகளைப் போடுங்கள். வீட்டில் சிரித்து மண்டபத்தில் சிரிக்காத இடங்கள் பெரும்பாலும் காதில் விழாத இடங்களாக இருக்கும். மைக் எட்டாத மூலையில் நின்று பேசிய வசனத்தை நடு மேடைக்கு மாற்றச் சொல்லுங்கள். காதில் விழுந்தும் சிரிக்காததை மட்டும் திருத்தி எழுதுங்கள். திருத்திய பிரதியில் தேதியைப் போட்டு, இரண்டாம் காட்சிக்கு முன்னால் குழுவுக்குக் கொடுங்கள். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்ப வேண்டியது அந்தப் பிரதிதான், கூடவே மண்டபத்தில் எடுத்த புது ஒலிப்பதிவும்.